முயலின் கட்டி மாட்டுக்கட்டி அல்ல

“கீறி உட்டாச் செரி மனே. சீழ் வடிஞ்சா ரெண்டு நாளில ஆறிடும்.”

என் மகளின் முயலுக்குக் கீழ்த்தாடையில் புளியங்கொட்டை அளவு வீக்கம் தெரிந்த அன்று, பக்கத்து வளவுப் பெரியப்பா சொன்ன வார்த்தை இது. நாற்பது வருடம் மாட்டுப்பட்டி வைத்திருந்த மனிதர். புது பிளேட்டை நெருப்பில் காட்டி ஒரே கீறில் கட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து பற்பசை போல வெள்ளையாகக் கெட்டியாக வந்தது. பிதுக்கி எடுத்துவிட்டு மஞ்சளை அப்பினோம். பதினைந்தாம் நாள் அதே இடத்தில் பாக்களவு கட்டி. மறுபடியும் கீறினோம். அது மூன்றாம் முறையும் எழுந்தபோது, மகளின் காய்ச்சலுக்கு வாங்கி மிச்சமிருந்த அமொக்சிசிலின் பாணி மருந்தை நானே ஊசிக்குழாயில் எடுத்து முயலின் வாயில் விட்டேன். பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்து முயலை என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் தண்ணீராகக் கழிந்தது. நான்காம் நாள் காலையில் கூட்டு மூலையில் விறைத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு மிருக வைத்தியர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் நான் தெரிந்துகொண்டதை ஒரு வரியில் சொல்லலாம். அந்த முயலுக்கு நாங்கள் செய்த ஒவ்வொரு உதவியும் அதைச் சாவுக்குக் கிட்டக் கொண்டுபோனது. பெரியப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது எங்கள் ஊரான கிரான் முழுவதும் நம்புகிற விசயம். கட்டி யாருக்கு வந்தாலும் கட்டிதான். கீறு, பிதுக்கு, வீட்டில் இருக்கிற மருந்தைக் கொடு. ஆறாவிட்டால் முயல்தானே, இன்னொன்றை வாங்கு. இந்தக் கருத்தின் ஒவ்வொரு துண்டும் பிழை என்பதே என் வாதம்.

இது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல. நாங்கள் மாட்டோடு வாழ்கிற சனம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் குந்திப் போராடியவர்கள் எங்கள் பட்டிக்காரர்கள்தான். எந்தப் பசு சினைப்பட்டிருக்கிறது, எந்தக் கன்று தீன் எடுக்கவில்லை என்று தூரத்தில் நின்றே சொல்லக்கூடியவர்கள். மாட்டுக்குக் கட்டி வந்தால் அது பழுக்கும் வரை பொறுத்திருந்து கீறுவார்கள், சீழ் ஓடும், புண் ஆறும். தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் கண்டு சேர்த்த அறிவு அது. மாட்டுக்கு அது பொருந்துகிறது. பிழை எங்கே நடக்கிறதென்றால், அந்த அறிவை அப்படியே தூக்கி முயலின் மேல் வைக்கும் இடத்தில்.

மாட்டின் சீழ் ஓடும். முயலின் சீழ் ஓடாது. இரண்டு தடவை நாங்கள் கீறியும் கட்டி திரும்பத் திரும்ப வந்ததற்கு முதற்காரணம் இதுதான். முயலின் உடம்பில் சீழ் இளகுவதில்லை. பாலாடைக்கட்டி போல, கெட்டித்தயிர் போலத் திரண்டு நிற்கும். அதைச் சுற்றி உடம்பு தடித்த நார்த்தோலால் ஒரு பையைக் கட்டிக்கொள்ளும். கிருமிகள் அந்தச் சீழிலும் பையின் சுவரிலும் குடியிருக்கும். வாயால் கொடுத்தாலும் ஊசியால் போட்டாலும், இரத்தத்தோடு வருகிற மருந்து அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போவது கடினம். அதனால் சின்ன ஓட்டை போட்டுப் பிதுக்கும்போது வெளியே வருவது சீழின் ஒரு பகுதி மட்டும். பை உள்ளேயே இருக்கிறது, கிருமியும் அதனுள்ளே இருக்கிறது. மேல்தோல் இரண்டு நாளில் மூடிக்கொள்ளும். “பாத்தியா, ஆறிட்டு” என்று நாங்கள் சந்தோசப்படுகிற அந்த நேரத்தில் உள்ளே பை மறுபடி நிரம்பத் தொடங்கியிருக்கும். அழுத்திப் பிதுக்கினால் இன்னொரு கேடும் உண்டு. பை உள்பக்கம் கிழிந்து, ஓரிடத்தில் இருந்த கிருமி பக்கத்துச் சதைக்குள் பரவும்.

கட்டியை எடுப்பதென்றால் பையோடு எடுக்க வேண்டும். பலாச்சுளையிலிருந்து கொட்டையை அதன் உறையோடு கழற்றுவது போல, கிழியாமல் முழுதாக. அதற்கு மயக்க மருந்து வேண்டும், பழகிய கை வேண்டும். முதுகிலோ காலிலோ இரண்டு கடா முயல்கள் கடித்துக்கொண்டதால் வந்த கட்டியாக இருந்தால் இப்படி எடுத்து முழுக்க ஆற்றுவது பெரும்பாலும் நடக்கக்கூடியதே. தாடையிலோ கண்ணருகிலோ வந்திருந்தால் பை எலும்போடு ஒட்டியிருக்கும், முழுதாக வராது. அப்போது வைத்தியர்கள் செய்வது எங்கள் வழக்கத்துக்கு நேர்மாறானது. வாயை அகலமாகத் திறந்து, உள்ளே சுரண்டி எடுத்து, பையின் விளிம்பைத் தோலோடு சேர்த்துத் தைத்து, அந்த வாய் மூடாமல் பார்த்துக்கொள்வார்கள். நாள்தோறும் உப்புத்தண்ணீரால் கழுவி, அடியிலிருந்து மேல்நோக்கி ஆற விடுவார்கள். மேலே சீக்கிரம் மூடவேண்டுமென்று நாங்கள் அவசரப்படுகிறோம். மூடவிடாமல் காப்பதே அங்கே வைத்தியம்.

சிலர் சொல்வார்கள், “எங்கட முயலுக்குக் கீறித்தான் சுகமாச்சு” என்று. அதை நான் மறுக்கவில்லை. தோலுக்கடியில் புதிதாக வந்த சின்னக் கட்டி, பை தடிக்கும் முன் திறக்கப்பட்டு முழுவதும் கழுவப்பட்டால், சுகமாகலாம். ஆனால் பிழைத்த முயல் அடுத்த வீட்டுக்கும் கதை சொல்கிறது. செத்த முயல் வளவுக்குள் புதைக்கப்படுகிறது. பிழைத்ததை மட்டும் எண்ணுகிற கணக்கு கணக்காகாது.

அடுத்தது பாணி மருந்து. என் கையால் நடந்த பிழை என்பதால் இதை நான் மெல்லச் சொல்ல மாட்டேன். அமொக்சிசிலின், அம்பிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளையும் கிளின்டாமைசினையும் வாயால் கொடுத்தால் முயல் செத்துப்போகலாம். அளவு கூடினால்தான் என்றில்லை. குழந்தைக்குப் பாதுகாப்பான அளவைவிடக் குறைத்துக் கொடுத்தாலும் இந்த ஆபத்து இருக்கிறது.

காரணம் முயலின் வயிற்றில் இருக்கிறது. முயல் புல்லைச் சீரணிப்பது அதன் குருட்டுக்குடலில். எங்களுக்குக் குருட்டுக்குடல் சின்ன முனை. முயலுக்கோ அது வயிற்றை நிரப்புகிற பெரிய பை. அதற்குள் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் இருந்து புல்லைப் புளிக்க வைத்து முயலுக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. வாயால் போகும் பெனிசிலின் அந்த நல்ல கூட்டத்தை அழிக்கிறது. காலியான இடத்தில் குளொஸ்ட்ரிடியம் என்ற வகைக் கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. அதனால்தான் கழிச்சல், அதனால்தான் என் முயல் நான்காம் நாள் விறைத்தது. கட்டியால் அது சாகவில்லை.

இது நேற்றுத் தெரிந்த விசயமும் இல்லை. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1929இல் பெனிசிலினைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே ஒரு முயல் வருகிறது. தான் வளர்த்த பூஞ்சையின் சாற்றில் 20 மில்லிலீற்றரை அதன் இரத்தக் குழாயில் ஏற்றினார். முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1940 மே 25ஆம் திகதி ஒக்ஸ்போர்ட்டில் எட்டு எலிகளை வைத்து நடந்த சோதனைதான் பெனிசிலினை உலகத்துக்கு மருந்தாக்கியது. 1943இல் கினிப்பன்றிகளுக்குப் போட்டுப் பார்த்தபோது அவை செத்தன. அன்று ஒக்ஸ்போர்ட்டில் எலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியை எடுத்திருந்தால் பெனிசிலினை நஞ்சென்று ஒதுக்கியிருக்கவும் கூடும். மருந்து ஒன்று, பிராணி வேறு, முடிவும் வேறு என்பதை உலகம் எண்பது வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. ஃபிளெமிங்கின் முயல் தப்பியதிலும் ஒரு பாடம் இருக்கிறது. அதற்கு மருந்து போனது இரத்தத்தில், வாயால் இல்லை. இன்றைக்கும் வைத்தியர்கள் முயலின் கட்டிக்குப் பெனிசிலினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறார்கள், குடலைக் கவனித்துக்கொண்டு. வாயால் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் என்றோஃபுளொக்சசின், சல்பா கலந்த டிரைமெதோபிரிம் போன்ற வேறு வகைகளைத் தேர்கிறார்கள். எந்தக் கிருமி இருக்கிறது, எத்தனை வாரம் கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற வேலை வைத்தியருடையது. அலுமாரியில் மிச்சமிருக்கிற போத்தல் அதை முடிவெடுக்கக் கூடாது.

“அப்ப இங்கிலீசு மருந்தே வேணாம், மஞ்சளும் வேப்பிலையும் போதும்” என்பார்கள் வேறு சிலர். நாட்டு மருந்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அரைத்த மஞ்சளைக் கட்டியின் வாயில் அப்பும்போது நாங்கள் செய்வது, திறந்திருக்க வேண்டிய வாயை அடைப்பது. முயல் அதை நக்கும், சொறியும், புண் பெரிதாகும். எங்கள் வீட்டுப் பொருள்களில் முயல் கட்டிக்கு உதவக்கூடியது ஒன்று உண்டு, அது தேன். பை அகற்றிச் சுத்தம் செய்த குழியில் சுத்தமான தேனை இடுவதை மேல்நாட்டு மிருக வைத்தியர்களும் செய்கிறார்கள். தேனின் அடர்ந்த சீனி கிருமியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி அதை வளரவிடாமல் தடுக்கிறது. ஆனால் அதன் முறை கத்தியின் வேலை முடிந்த பிறகுதான் வருகிறது. சீழ்ப்பையை உள்ளே வைத்துக்கொண்டு மேலே தேன் தடவுவதும் மஞ்சள் தடவுவதும் ஒன்றே.

இதுவரை சொன்னதைவிட முக்கியமான ஒன்றுக்கு இப்போது வருகிறேன். முயலின் முகத்தில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை தோலில் தொடங்குவதில்லை. அவை பல்லடியில் தொடங்குகின்றன.

முயலுக்கு 28 பற்கள். முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் எல்லாமே சாகும்வரை வளர்ந்துகொண்டிருக்கும். முன்பல் கிழமைக்கு இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளரும். அந்த வளர்ச்சிக்கு ஈடாகத் தேய்வதற்குத்தான் புல். மண்ணும் நாரும் கலந்த புல்லைத் தாடையை இடமும் வலமும் அசைத்து மணிக்கணக்கில் அரைத்தால் பல் அளவாகத் தேயும். பாண், பிஸ்கட், சோறு, கரட் என்று கொடுத்தால் இரண்டு கடியில் தீன் முடியும், பல் தேயாது. தேயாத பல் மேலேயும் வளர்கிறது, எதிர்ப்பல்லில் முட்டிக் கீழேயும் அமுங்குகிறது. வேர் தாடை எலும்பை உந்துகிறது. பல்லின் கூர்முனை கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கிறது. அந்தக் கிழிசலாலும் இளகிய பல்லடியாலும் கிருமி இறங்குகிறது. கீழ்ப்பல்லின் வேர் என்றால் தாடையோரம் புளியங்கொட்டை போல எழும்பும். மேல்பல்லின் வேர் கண்ணுக்குக் கிட்ட இருப்பதால் ஒரு கண்ணில் மட்டும் நீர் வழியும், சில வேளை கண்ணே பிதுங்கும்.

என் மகளின் முயல் நாளும் பாணும் பிஸ்கட்டும் தின்று வளர்ந்தது. தோலை இரண்டு முறை கீறிய நாங்கள் ஒரு முறைகூட வாயைத் திறந்து பார்க்கவில்லை. பல்லைப் பார்க்காமல் கட்டியைக் கீறுவது, புற்றை விட்டுவிட்டுப் பாம்பின் சட்டையை அடிப்பது போன்றது. அதனால்தான் நல்ல வைத்தியர் முகத்துக் கட்டியைக் கண்டால் முதலில் மண்டைக்கு எக்ஸ்ரே கேட்பார். கெட்ட பல்லைப் பிடுங்காமல் கட்டியை முடித்தேன் என்று சொல்லமாட்டார்.

இதில் என் மனதைச் சுடுவது ஒன்று உண்டு. புல்லுக்குப் பஞ்சமான ஊரில் நாங்கள் இல்லை. குளக்கட்டு நிறையக் கினிப்புல், வட்டை வரம்பு நிறைய அறுகு. மேய்ச்சல் தரைக்காகப் போராடத் தெரிந்த ஊர், கூட்டுக்குள் இருக்கிற பிராணிக்குப் பாண் துண்டைப் போடுகிறது. பிள்ளை ஆசையாகக் கொடுக்கிறது என்று பார்த்து நிற்கிறோம். அந்த ஆசைதான் அதன் தாடையில் கட்டியாக எழும்புகிறது.

இனி, கேட்க எனக்கு மிகவும் வலிக்கிற வாதம். “ஒரு முயலுக்கு ஆஸ்பத்திரியா? அந்தக் காசுக்கு ரெண்டு வாங்கலாம்.” காசில்லாத வீட்டின் கஷ்டம் எனக்குத் தெரியும், அந்த வீட்டை நோக்கி நான் விரல் நீட்டவில்லை. ஆனால் இந்த வாதம் காசில்லாத வீட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. மேலும் இது கணக்காகவும் பிழைக்கிறது. அடுத்த முயலையும் அதே கூட்டில் அதே பாணில் வளர்த்தால் அதற்கும் அதே கட்டி வரும். வாங்கி வாங்கிப் புதைப்பதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. இன்னொன்று, முயல் வலியைக் காட்டாது. காட்டில் இரையாக வாழ்ந்த இனம் என்பதால் நோவை மறைப்பது அதன் பிறவிக் குணம். பிளேட்டால் கீறும்போது அது கத்தாமல் இருந்ததைப் பார்த்து “நோகல்ல” என்று நினைத்தோம். பயத்தில் உறைந்திருந்தது. மிருகங்களுக்குத் தேவையில்லாத வேதனை கொடுப்பதை இந்த நாட்டுச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே குற்றமாக்கிவிட்டது. சட்டத்தைக் காட்டி அயலவரைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நூறு வருடத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்ட ஒன்றை நாங்கள் இன்னும் முயலுக்குக் கொடுக்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

“வசதி எங்க இருக்கு?” என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்து அரச மிருக வைத்தியர்களின் நாள் மாட்டோடும் ஆட்டோடும் கோழியோடும் கழிகிறது. முயலுக்கு மண்டை எக்ஸ்ரே, மயக்கம், பல் பிடுங்கல் என்று வந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலை போன்ற இடத்தை நோக்க வேண்டிவரும். மாரியில் புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விட்டால் அந்தப் பக்கத்துச் சனம் கிரானுக்கே படகிலும் உழவு இயந்திரத்திலும்தான் வரும். இவ்வளவும் உண்மை. ஆனால் வசதி குறைவு என்பதிலிருந்து “ஆகவே வீட்டிலேயே கீறு” என்ற முடிவு வராது. “ஆகவே நேரத்தோடு போ” என்ற முடிவுதான் வரும். கட்டி புளியங்கொட்டை அளவில் இருக்கும்போது, கார்த்திகைக்கு முன் போனால், உள்ளூர் மிருக வைத்தியராலேயே பல காரியம் செய்யமுடியும். மாட்டுக்கு வைத்திருக்கிற ஊசி மருந்தை முயலின் எடைக்குக் கணக்குப் பார்த்துப் போடலாம்; வலிக்கு மருந்து தரலாம்; மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று சொல்லலாம். எல்லா முயலும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. தாடை எலும்பே அரித்துப்போன முயலை வலியின்றி உறங்கவைப்பதும் வைத்தியர் செய்யக்கூடிய கருணைதான். அதுவும் பிளேட்டால் நடக்காது.

வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கிய கல்லூரி இன்று கிழக்குப் பல்கலைக்கழகமாக நிற்கிறது; அதன் விவசாய பீடத்தில் கால்நடை விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். சின்னப் பிராணி வளர்ப்பவர்களுக்குத் தமிழில் இரண்டு பக்கக் கையேடு ஒன்றை அங்கிருந்து கேட்பது பேராசையில்லை. எந்த மருந்தை முயலின் வாயில் விடக்கூடாது என்ற ஒரு வரி அதில் இருந்திருந்தால் என் வீட்டில் ஒரு முயல் மிஞ்சியிருக்கும்.

கட்டியைக் கண்டவர்கள் வைத்தியரிடம் போகும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கீற வேண்டாம், பிதுக்க வேண்டாம், மனிதருக்கான எந்தப் பாணியையும் குளிசையையும் கொடுக்க வேண்டாம். புல் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று பாருங்கள். முயல் அரை நாள் தின்னாமல் கிடந்தால் அதன் குடலே நின்றுபோகலாம். அது கட்டியைவிட அவசரம். சத்திர சிகிச்சைக்குக் கொண்டுபோகும்போதும் மனிதரைப் போலப் பட்டினி போட வேண்டாம். முயல் வாந்தி எடுக்காத பிராணி. புண்ணில் ஈ மொய்க்காமல் காத்துக்கொள்ளுங்கள்; எங்கள் வெயிலில் ஒரு நாளே போதும், புழு வைத்துவிடும்.

கட்டி இல்லாத முயல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இன்று பின்னேரம் கூட்டைத் திறந்து, முயலை மடியில் வைத்து, அதன் கீழ்த்தாடை எலும்பின் ஓரமாக இரண்டு பக்கமும் பெருவிரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். மணி மணியாகத் தட்டுப்பட்டால், ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்தால், நாடி ஈரமாக இருந்தால், பல்லின் வேர் இறங்கத் தொடங்கியிருக்கலாம். என் மகளின் முயல் தினமும் அவள் மடியில் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் ஒருநாள்கூட அங்கே விரல் வைத்துப் பார்த்ததில்லை.